கேளுங்கள் சொல்கிறோம்: கல்லூரி வைஃபையும் நம் அந்தரங்கமும்

விடுதி வைஃபைக்காகப் போனில் ஒரு சான்றிதழை ஏற்றச் சொல்கிறார்கள். ஏற்றலாமா?
– மாணவி, திருச்சி

எந்த வகை என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள். இப்போதைய ஆண்ட்ராய்டில் 'வைஃபை சான்றிதழ்', 'சிஏ சான்றிதழ்' (சிஏ என்றால் சான்றிதழ் வழங்கும் அமைப்பு) என்று இரண்டும் தனித்தனி. முதலாவது, நீங்கள் பாஸ்வேர்டு கொடுப்பது கல்லூரி சர்வரிடம்தானா என்று சரிபார்க்க மட்டுமே. தாராளமாக ஏற்றலாம். அதைத் தவிர்க்கச் சரிபார்ப்பையே அணைத்துவிட்டு இணைவதுதான் ஆபத்து. அதே பெயரில் போலி வைஃபை வைத்தவனிடம் பாஸ்வேர்டு போய்ச் சேரும்.

சிஏ சான்றிதழ் வேறு சங்கதி. ஃபயர்வால் (வளாக நெட்வொர்க்கின் காவல் கருவி) உங்கள் எச்டிடிபிஎஸ் இணைப்பை, அதாவது பூட்டி அனுப்பப்படும் இணைப்பைப் பிரித்துப் படித்து, மறுபடி பூட்டி அனுப்ப அது வழிவிடும். ஏற்கெனவே ஏற்றிவிட்டீர்களா? பிரவுசரில் ஒரு தளத்தைத் திறந்து, முகவரிக்கு இடப்பக்கமுள்ள குறியைத் தொட்டு, சான்றிதழை வழங்கியவர் யாரென்று பாருங்கள். கல்லூரியின் பெயரோ ஃபயர்வால் நிறுவனத்தின் பெயரோ இருந்தால், பிரித்துப் படிக்கிறார்கள். ஆண்ட்ராய்டு 7 முதல் பெரும்பாலான செயலிகள் பயனர் ஏற்றிய சான்றிதழை நம்புவதில்லை. வளாகத்தில் மட்டும் வங்கிச் செயலி அடம்பிடிக்க இதுவும் ஒரு காரணம். நீக்க, செட்டிங்ஸில் 'ட்ரஸ்டட் கிரெடென்ஷியல்ஸ்' என்று தேடி, 'யூசர்' பகுதிக்குப் போங்கள்.

பல்கலைக்கழகக் கணினிகளில் இடிஆர் (ஒவ்வொரு கணினியையும் கண்காணித்துத் தாக்குதலைப் பிடிக்கும்) மென்பொருள் போடப்போகிறோம். ஆசிரியர்கள் எதிர்க்கிறார்கள். 180 நாள் பதிவு வைக்கச் சொல்லி அரசு உத்தரவே இருக்கிறதே?
– கணினி மையப் பொறுப்பாளர், கோவை

இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் கேட்டது லாக், அதாவது கணினி அமைப்புகளின் நிகழ்வுப் பதிவு. யார், எந்த ஐபி (இணைய முகவரி), எப்போது என்பது போன்றவை. மின்னஞ்சலின் உள்ளடக்கத்தைச் சேர்த்துவைக்க அந்த உத்தரவைக் காட்டாதீர்கள்.

2015இல் யுசிஎல்ஏ மருத்துவமனைத் தரவு ஊடுருவப்பட்ட பிறகு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத் தலைமை தன் வளாகங்களில் நெட்வொர்க் கண்காணிப்புக் கருவி வைத்தது. ஆசிரியர்களிடம் சொல்லாமல் வைத்ததால் 2016 தொடக்கத்தில் பெர்க்லியில் பெரிய சண்டையானது. ஆகவே முதலில் அறிவியுங்கள்.

இடிஆர் பலவற்றில், தொலைவிலிருந்தே கோப்பை எடுக்கும் வசதி உண்டு. அதை அணைத்து வையுங்கள். தேவைப்பட்டால் இருவர் ஒப்புதலோடு திறக்கட்டும். எடுத்தவர், கோப்பு, காரணம் மூன்றும் பதிவாகட்டும். அந்தப் பதிவை உங்கள் துறைக்கு வெளியே ஒருவர் பார்க்க வேண்டும். முதல் சில வாரங்கள் தடுக்காமல் எச்சரிக்கை மட்டும் விடுங்கள். ஆய்வு மாணவர் எழுதிய சிறு நிரலைக்கூட (ஸ்கிரிப்ட்) வைரஸ் என்று பிடிக்கும். சொந்த லேப்டாப்களில் வேண்டவே வேண்டாம்.

கணக்கில் நுழைய எண் தரும் ஓடிபி செயலி என் போனை வேவு பார்க்குமா?
– விரிவுரையாளர், மதுரை

அது க்யூஆரில் வந்த ரகசியத்தையும் நேரத்தையும் வைத்து, பொதுவாக 30 நொடிக்கொரு 6 இலக்க எண் கணக்கிடுகிறது. இணையம்கூட வேண்டாம். எண்ணை ஏற்கவில்லையென்றால் போன் நேரத்தைத் தானியங்கியாக மாற்றுங்கள். 'டிவைஸ் அட்மின்' அனுமதி கேட்டால் மட்டும் மறுத்துவிடுங்கள். போனை முழுதாக அழிக்கும் அதிகாரமும் அதில் இருக்கலாம். செயலிக்குப் பதிலாக யூஎஸ்பி பாதுகாப்புச் சாவி (கணினியில் செருகி உள்நுழையும் சிறு கருவி) கேளுங்கள்.