தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு பக்கக் குரல்நாண் அசையவில்லை என்கிறார்கள். அம்மாவின் குரல் திரும்புமா?

குரல் காற்றாகப் போகிறது, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குரல் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. இப்போதைக்கு அதைவிட முக்கியம் புரையேறுவதுதான்.

குரல்நாண்கள் இரண்டும் பேசும்போது நடுவில் வந்து சேரும். விழுங்கும்போது மூடிக்கொண்டு மூச்சுக்குழாயைக் காக்கும். ஒன்று நின்றுவிட்டால் இடைவெளி விழும். அதன் வழியாகக் காற்றும் வீணாகும், தண்ணீரும் இறங்கும். இருமலிலும் வலு இருக்காது. இட்லியைவிடத் தண்ணீர், மோர், ரசம்தான் ஆபத்து, ஏனென்றால் அவை வேகமாக வழிந்துவிடும். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு வாய்க்கு ஒரு ஸ்பூன் அளவு, மோவாயை மார்புப் பக்கம் தாழ்த்தி விழுங்கச் சொல்லுங்கள். அசையாத பக்கமாகத் தலையைத் திருப்பி விழுங்குவதும் பலருக்கு உதவும். எது பொருந்தும் என்பதை ஸ்பீச் தெரபிஸ்ட் பார்த்துச் சொல்லட்டும். சாப்பிட்டதும் குரல் ஈரமாகக் களகளத்தாலோ, சளியோடு காய்ச்சல் வந்தாலோ நிமோனியாவாக இருக்கலாம்; தாமதிக்காமல் காட்டுங்கள்.

இந்த நாண்களை அசைக்கும் நரம்பு தைராய்டின் பின்னால் ஒட்டியபடி மேலே ஏறுகிறது. இடப்பக்க நரம்பு அதற்கு முன் மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் வளைவைச் சுற்றித்தான் திரும்புகிறது. அதனால் ஆபரேஷன் எதுவும் செய்யாத ஒருவருக்கு இடது நாண் நின்றுபோனால், நுரையீரல் கட்டி இருக்கிறதா என்று மார்பு வரை சி.டி. எடுத்தே ஆக வேண்டும்.

ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: நரம்பு அறுபடாமல் இருந்ததா? இழுபட்டது மட்டும் என்றால் பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து ஆறு மாதத்துக்குள் மீளும். அதுவரை சும்மா காத்திருக்கத் தேவையில்லை. ஹையலுரானிக் அமிலம் என்ற ஜெல்லை நாணுக்குள் ஊசியால் ஏற்றி, நாணை நடுவுக்குத் தள்ளி வைக்கலாம். சில மாதங்களில் அந்த ஜெல் கரைந்துவிடும். புரையேறுதல் அதிகமென்றால் நான் இதையே முதலில் கேட்பேன். ஓராண்டாகியும் அசைவு வராவிட்டால், சிறு துண்டு ஒன்றை உள்ளே வைத்து நாணை நிரந்தரமாக நடுவுக்குத் தள்ளும் தைரோபிளாஸ்டி என்ற ஆபரேஷன் உண்டு. ஜப்பானிய டாக்டர் இஷிகி 1970களில் வகுத்த முறை இது. கழுத்தை மட்டும் மரக்கச் செய்து, நோயாளியைப் பேசவைத்துக் குரலைக் கேட்டபடியே அந்தத் துண்டின் அளவைச் சரிசெய்வார்கள்.

தொண்டையை இறுக்கிச் சத்தமாகப் பேச அம்மாவைத் தூண்டாதீர்கள். அந்தப் பழக்கம் நரம்பு மீண்ட பிறகும் லேசில் விடாது.

இரண்டு நாண்களும் நின்றவர்களுக்குக் குரல் ஏறக்குறைய நன்றாகவே இருக்கும், மூச்சுதான் திணறும். மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.