ஃபார்வர்டில் வந்த பைக்குகள்: வாசகர் கேள்வி பதில்

பைக் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் படங்களையும் வீடியோக்களையும் குறிப்பிட்டு, "இது நிஜமா? நம் வண்டியில் செய்து பார்க்கலாமா?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: மாத்திரை கேப்ஸ்யூல் மாதிரி நீண்ட பிஸ்டன், அதில் இரண்டு கனெக்டிங் ராட். இப்படி ஒரு போட்டோ வந்தது. "இதில் ரிங் எப்படி உட்காரும்? யாரோ கம்ப்யூட்டரில் வரைந்தது" என்கிறார் எங்கள் மெக்கானிக். உண்மை என்ன? (வாசகர், ஈரோடு)

பதில்: படம் நிஜம். ஹோண்டாவின் என்.ஆர். வரிசை எஞ்சினின் பிஸ்டன் அது. 1979ல் என்.ஆர்.500 பந்தய வண்டியில் முதலில் வந்தது.

அன்றைய 500 சி.சி. உலகப் பந்தயத்தில் டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் ராஜ்யம். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஒரு சுற்று சுற்றினாலே ஒரு பவர் ஸ்ட்ரோக் கிடைக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான். அதே 500 சி.சி.யில் ஃபோர் ஸ்ட்ரோக் ஈடுகொடுக்க வேண்டுமானால் எஞ்சின் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் சுற்ற வேண்டும். ஹோண்டா குறிவைத்தது 20,000 ஆர்.பி.எம்.மை. அந்த வேகத்தில் காற்று உள்ளே போய்வர வால்வு பரப்பு நிறைய வேண்டும். எட்டு சிலிண்டர் வைத்தால் கிடைத்துவிடும், ஆனால் பந்தய விதி நான்குக்கு மேல் அனுமதிக்கவில்லை. ஆகவே பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டை ஒன்றாக இணைத்த வடிவத்தில் நான்கு சிலிண்டர் செய்தார்கள். ஒவ்வொன்றிலும் 8 வால்வு, 2 ஸ்பார்க் பிளக், 2 கனெக்டிங் ராட். மொத்தம் 32 வால்வு!

உங்கள் மெக்கானிக்கின் சந்தேகம் மிகச் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி, கம்ப்ரஷன் கசியாமல் அடைக்கும் வளையம். வட்டமான ரிங் தன் ஸ்பிரிங் விசையாலேயே எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தத்தில் சுவரைத் தொடும். நீண்ட வடிவத்தில் வளைவுப் பகுதி அழுத்தும், நேர்ப் பகுதி தளரும், அங்கே கம்ப்ரஷன் கசியும். ஹோண்டாவைப் பாடாய்ப் படுத்தியதும் இதுதான். என்.ஆர்.500 ஒரு கிராண்ட் ப்ரீ பந்தயம்கூட வெல்லவில்லை. ஆனால் அந்த உழைப்பு வீண்போகாமல் 1992ல் என்.ஆர்.750 என்ற சாலை வண்டி வந்தது. சுமார் 300 வண்டிதான் செய்தார்கள். மெக்கானிக்கிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள், அவர் கேட்ட கேள்வி ஒரு நல்ல எஞ்சினியர் கேட்கும் கேள்வி.

கேள்வி: எஞ்சினை ஓடவிட்டு, முதல் கியரில் பின்சக்கரம் தானாகச் சுற்ற, பிரஷ்ஷை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டே நிமிடத்தில் செயின் கழுவும் வீடியோ பார்த்தேன். நல்ல உத்திதானே? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். விரல் போவதற்கு இதைவிட எளிய வழி பைக்கில் கிடையாது.

கணக்கைப் பாருங்கள். 150 சி.சி. வண்டியின் ஐடிலிங் 1,400 ஆர்.பி.எம். என்று வையுங்கள். முதல் கியரில் மொத்தக் குறைப்பு ஏறத்தாழ 30 மடங்கு என்றால், சக்கரம் நிமிடத்துக்கு 47 சுற்று. பின் ஸ்ப்ராக்கெட்டில் 42 பல், செயின் பிட்ச் (ஒரு லிங்க்கின் நீளம்) 12.7 மி.மீ. ஆக, செயின் நொடிக்கு சுமார் 40 செ.மீ. ஓடுகிறது. பார்வைக்கு மெதுவாகத்தான் தெரியும். ஸ்ப்ராக்கெட்டுக்கு 5 செ.மீ. முன்னால் உங்கள் துணி ஒரு லிங்க்கில் மாட்டினால், விரல் பல்லுக்குள் போக நொடியில் எட்டில் ஒரு பங்கு போதும். ஆபத்தை உணர்ந்து கையை இழுக்கத் தொடங்கவே 0.2 நொடி ஆகும். கியரில் இருக்கும் எஞ்சின் விரலுக்காக நிற்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சக்கரம் முன்னோக்கிச் சுற்றும்போது செயினின் கீழ்ப்பகுதி முன்னாலிருந்து பின்னால் ஓடி, பின் ஸ்ப்ராக்கெட்டின் அடியில் நுழைகிறது. வீடியோவில் பிரஷ் பிடிப்பது சரியாக அந்த வாயருகில்தான்.

சரியான முறையில் செய்தாலும் 15 நிமிடத்துக்கு மேல் ஆகாது. எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வண்டி சென்டர் ஸ்டாண்டிலோ பேடாக் ஸ்டாண்டிலோ, கியர் நியூட்ரலில். சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றுங்கள். அப்போது கீழ்ச்செயின் பின் ஸ்ப்ராக்கெட்டை விட்டு விலகி ஓடும், துணியையும் வெளியேதான் தள்ளும். அழுக்கு எடுக்க மண்ணெண்ணெய் அல்லது செயின் கிளீனர். பெட்ரோல் வேண்டாம், ஓ-ரிங் செயினில் ரப்பர் வளையங்கள் இறுகி வெடித்து உள்ளே அடைத்த கிரீஸ் வெளியேறிவிடும். துடைத்துக் காயவிட்டு, கீழ்ச்செயினின் உட்பக்கத்தில் 90 நம்பர் கியர் ஆயில் விடுங்கள், முழுச் செயினுக்கும் 10 மி.லி. தாராளம். பத்து நிமிடம் ஊறவிட்டு மிச்சத்தைத் துடைக்காவிட்டால் சக்கரமெல்லாம் தெறிக்கும், மண் ஒட்டி செயின் சீக்கிரம் தேயும்.

கழுவி முடித்த கையோடு செயினின் தொய்வையும் (கீழ்ச்செயின் நடுவில் மேலும் கீழும் ஆடும் அளவு) பாருங்கள். பெரும்பாலான 150 சி.சி. வண்டிகளில் 25 முதல் 35 மி.மீ. (உங்கள் வண்டியின் அளவு கையேட்டில் இருக்கும்). செயின் எல்லா இடத்திலும் ஒரேபோல் நீளாது. நான்கைந்து இடத்தில் அளந்து, மிக இறுக்கமான இடத்தில் இந்த அளவு வரும்படி வையுங்கள்.

சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டியா? ஒரு முழம் தள்ளி, ஒரு பகுதி கழுவி, மறுபடி தள்ளுங்கள். நேரம் கூடும், விரல் பத்தும் இருக்கும்.

கேள்வி: மரணக் கிணறு வீடியோவை என் மகள் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். படுத்த நிலையில் ஓடும் பைக்கிலிருந்து பெட்ரோல் ஏன் கொட்டவில்லை என்று கேட்கிறாள். என்ன சொல்வது? (வாசகி, மதுரை)

பதில்: மகளுக்கு வாழ்த்துகள். ஓட்டுபவர் ஏன் விழவில்லை என்றுதான் எல்லோரும் கேட்பார்கள், பெட்ரோலைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு.

10 மீட்டர் விட்டமுள்ள கிணறு என்று எடுத்துக்கொள்வோம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சுற்றினால், வண்டியைச் சுவரோடு அழுத்தும் விசை புவியீர்ப்பைப்போல் இரண்டரை மடங்கு. கீழே இழுக்கும் ஈர்ப்பு ஒரு மடங்குதான். இரண்டும் சேர்ந்தால், வண்டிக்கும் ஆளுக்கும் "கீழ்" என்ற திசையே மாறிவிடுகிறது. அவர்களுக்குக் கீழ் என்பது சுவர். டேங்க், கார்புரேட்டர் கிண்ணம், எஞ்சின் ஆயில் எல்லாம் அந்தத் திசைக்கே கட்டுப்படும். பெட்ரோல் சமதரையில் நிற்பதுபோலவே டேங்கின் அடியில் நிற்கும். ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் வைத்து, கயிறு கட்டி வேகமாகச் சுற்றிக் காட்டுங்கள், உடனே புரிந்துகொள்வாள்.

வீடியோவை நிறுத்திப் பார்த்தால் இன்னொன்று தெரியும். வண்டி முழுக்கப் படுத்திருக்காது. ஓட்டுபவரின் தலைப்பக்கம் சற்று உயர்ந்து, கிடைமட்டத்திலிருந்து 20 டிகிரி போல மேலே சாய்ந்திருக்கும். இரண்டு விசைகளின் கூட்டுத்திசை அது.

மரப்பலகையில் டயரின் பிடிப்பு எண் 0.7 என்று கொண்டால், இதே கிணற்றில் வழுக்காமல் நிற்க மணிக்கு சுமார் 30 கி.மீ. வேகம் தேவை. பலகை ஈரமானாலோ ஆயில் சிந்தினாலோ பிடிப்பு பாதியாகும், தேவையான வேகம் 42 ஆகிவிடும். மழை தூறினால் காட்சியை நிறுத்துவது இதனால்தான். 60 கிலோ எடையுள்ளவர் 40 கி.மீ. வேகத்தில் உணரும் எடை 160 கிலோவுக்கு மேல். ரத்தம் காலுக்கு இறங்கும், பழகாதவருக்குக் கண் இருட்டும். அந்த எடையைச் சுமந்துகொண்டு கையை விரித்துச் சிரிப்பவர்களின் திறமையை மகளுக்குச் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: கோடையில் டேங்க் நிறைய பெட்ரோல் போட்டால் வெடிக்கும், பாதிதான் போட வேண்டும் என்று வருடா வருடம் மெசேஜ் வருகிறதே? (வாசகர், வேலூர்)

பதில்: வெடிக்காது. இந்தியன் ஆயில் நிறுவனமே இதை மறுத்து அறிவித்திருக்கிறது. நெருப்போ பொறியோ இல்லாமல் பெட்ரோல் தானாகப் பற்ற சுமார் 250 டிகிரி வெப்பம் வேண்டும். மேலும் டேங்கின் உள்ளே ஆவி மிகச் செறிவாக இருப்பதால், எரியத் தேவையான காற்று அங்கே இல்லை.

ஆனால் மூடிவரை தளும்ப நிரப்புவது தவறுதான், காரணம் வேறு. பூமிக்கடியில் இருந்த பெட்ரோல் வெயிலில் 15 டிகிரி சூடேறினால், 12 லிட்டருக்கு சுமார் 170 மி.லி. விரியும். ஒரு டம்ளர் அளவு. பி.எஸ்.6 (புதிய மாசு விதி) வண்டிகளில் அது ஆவி பிடிக்கும் கரித்தூள் டப்பாவுக்குள் போகும். ஆவிக்காக வைத்த கரி பெட்ரோலில் நனைந்தால் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஐடிலிங்கில் திக்கும், பெட்ரோல் வாடை அடிக்கும். டேங்க் வாய்க்குள் தெரியும் கழுத்தின் அடிவிளிம்போடு நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: டியூப்லெஸ் டயருக்குள் ஸ்ப்ரே அடித்துத் தீ வைத்ததும் "டப்" என்று ரிம்மில் உட்கார்ந்துவிடுகிறது. எங்கள் பஞ்சர் கடையில் செய்து பார்க்கலாமா? (வாசகர், கரூர்)

பதில்: வேண்டாம். ஐஸ்லாந்துப் பனிவெளியில் பெரிய டயர் ஜீப்காரர்கள் வேறு வழியற்ற நிலையில் செய்வது அது. எரிவாயு சட்டென்று விரிந்து டயர் விளிம்பைத் தள்ளுகிறது. ஸ்ப்ரே கொஞ்சம் கூடினால் டயரோ முகமோ போய்விடும். அளவு சரியாக இருந்தாலும், உள்ளே இருக்கும் வாயு ஆறியதும் அழுத்தம் விழுந்து டயர் மறுபடி ரிம்மைவிட்டு நழுவலாம். வீடியோவில் அந்தப் பகுதியை வெட்டிவிடுகிறார்கள்.

கடையில் வெகுநாள் நசுங்கிக் கிடந்த டயர்தான் இப்படி அடம்பிடிக்கும். ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். இரண்டு விளிம்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வு பின்னைக் கழற்றிவிடுங்கள், காற்று வேகமாகப் பாயும். சரக்குக் கட்டும் ராட்செட் பெல்ட்டை டயரின் நடுவே சுற்றி இறுக்குங்கள். நடு அமுங்கினால் ஓரங்கள் ரிம்மை நோக்கி விரியும். காற்று பிடிக்கத் தொடங்கியதுமே பெல்ட்டைத் தளர்த்திவிட வேண்டும். இரண்டு முறை "டப்" சத்தம் கேட்கும். 40 பி.எஸ்.ஐ. தாண்டியும் உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கி, மறுபடி சோப்பு போடுங்கள், மேலே ஏற்றாதீர்கள். டயர் ஓரத்தில் உள்ள மெல்லிய கோடு ரிம்மைச் சுற்றி ஒரே தூரத்தில் தெரிந்தால் வேலை சரி.

கேள்வி: ஓடும் பைக்கின் சக்கரம் வீடியோவில் பின்னோக்கிச் சுற்றுவது எதனால்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: மொபைல் நொடிக்கு 30 படம் எடுக்கிறது. உங்கள் அலாய் சக்கரத்தில் ஐந்து கை இருந்தால், ஐந்தில் ஒரு பங்கு சுற்றியதும் அது பழையபடியே தெரியும். 17 அங்குல ரிம், டயர் சுற்றளவு 1.92 மீட்டர் என்றால், மணிக்கு சுமார் 41 கி.மீ. வேகத்தில் சக்கரம் அசையாமல் நிற்பதுபோலிருக்கும். 39க்கு இறங்கினால், ஒவ்வொரு படத்திலும் கை பழைய இடத்துக்குச் சற்று முன்பே நின்றுவிடுவதால் பின்னோக்கிச் சுற்றுவதுபோல் தெரியும். ஸ்பீடோமீட்டர் சரிதானா என்று தோராயமாகப் பார்க்கக்கூட இது உதவும். பின்னால் உட்கார்ந்தவர் அல்ல, பக்கத்து வண்டியில் வருபவர் எடுக்க வேண்டும்.

கேள்வி: ஏ.ஐ. செய்த பைக் படங்களைக் கண்டுபிடிக்க வழி உண்டா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: அழகைப் பார்க்காமல் இணைப்புகளைப் பாருங்கள். சைலன்சர் குழாய் சிலிண்டர் ஹெட்டிலிருந்துதான் கிளம்புகிறதா, நடுவில் காணாமல்போகிறதா? பிரேக் டிஸ்க் இருக்கும் இடத்தில் அதைப் பிடிக்கும் காலிப்பர் இருக்கிறதா? செயின் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் தொடுகிறதா? கம்பிச் சக்கரமானால் ஸ்போக்ஸ் ஹப்பிலிருந்து ஒழுங்காகக் குறுக்கே போகின்றனவா? கிளட்ச் லீவரிலிருந்து கேபிள் கிளம்பி எங்காவது போய்ச் சேர்கிறதா? ஏ.ஐ. பெரும்பாலும் கேபிளில்தான் மாட்டிக்கொள்ளும்.

செயின் வழக்கமான இடப்பக்கம் இல்லாமல் வலப்பக்கம் இருந்தாலே போலி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். படம் கண்ணாடிபோல் திரும்பியிருக்கலாம். கிளட்ச் லீவர் எந்தக் கையில் இருக்கிறது (இடக்கைதான் வழக்கம்), நம்பர் பிளேட் எழுத்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: டீசலில் ஓடும் புல்லட் போட்டோ சுற்றுகிறது. அப்படி ஒரு வண்டி கம்பெனியிலேயே வந்ததா? (வாசகர், விழுப்புரம்)

பதில்: வந்தது. பெயர் டாரஸ். கிரீவ்ஸ் லொம்பார்டினி எஞ்சின், 325 சி.சி., 6.5 குதிரைத்திறன், உச்சவேகம் 65 கி.மீ. இழுவையும் மைலேஜும் பிரமாதம், அதிர்வும் புகையும் அதே அளவுக்கு உண்டு. மாசு விதிகள் இறுகியதும் நின்றுபோனது.

சுற்றும் படங்களில் பல டாரஸ் அல்ல, பெட்ரோல் புல்லட்டில் பம்ப்செட் எஞ்சினைப் பொருத்தியவை. வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் ஆர்.சி.யில் எரிபொருள் "டீசல்" என்று இருக்கிறதா பாருங்கள். பிறகு எஞ்சின் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால், அது அனுமதியில்லாமல் மாற்றிய வண்டி. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம், இன்சூரன்ஸும் எஃப்.சி.யும் சிக்கலாகும்.