ஹார்ட் டிஸ்க் கனெக்டர் உடைந்தால்: கேள்வி பதில்

கேள்வி: சாட்டா கேபிளைப் (டிஸ்க்கை கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஒயர்) பிடுங்கும்போது ஹார்ட் டிஸ்க்கின் கருப்பு பிளாஸ்டிக் உடைந்து கேபிளோடு வந்துவிட்டது. மெல்லிய பின்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. டிஸ்க் போச்சா?

பதில்: போகவில்லை. உடைந்தது பின்களைத் தாங்கும் ‘எல்’ வடிவ நாக்கு மட்டும்தான். உள்ளே தகவல் பதிந்திருக்கும் தட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் எதுவும் ஆகியிருக்காது. கேபிளுக்குள் சிக்கிய துண்டைத் தோண்டி எடுக்காதீர்கள், அது அங்கேயே இருக்கட்டும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். டேட்டா பக்கம் 7 பின்கள், ஒன்றையொன்று தொடக்கூடாது. வளைந்ததைக் குண்டூசியால் ஒரே தடவையில் நிமிர்த்துங்கள். திரும்பத் திரும்ப வளைத்தால் அடியோடு முறிந்துவிடும். பிறகு துண்டின் பள்ளங்களில் பின்கள் ஒவ்வொன்றாக உட்காரும்படி கேபிளைத் தள்ளி, அசையாதபடி டிஸ்க்கோடு சேர்த்து டேப் சுற்றுங்கள். கம்ப்யூட்டரில் டிஸ்க் தெரிந்ததும் முதல் வேலை ஃபைல்களை நகல் எடுப்பது. மற்றதெல்லாம் அப்புறம்.

கேள்வி: எனக்கு பவர் பக்கம் உடைந்திருக்கிறது. இதே முறைதானா?

பதில்: இங்கே அவசரப்பட்டால் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டு கருகும். 15 பின்களில் 7, 8, 9 ஐந்து வோல்ட். 13, 14, 15 பன்னிரண்டு வோல்ட். நடுவில் 10, 12 கிரவுண்ட். கரண்ட் கொடுக்கும் முன் பக்கத்துப் பின்கள் ஒட்டியிருக்கின்றனவா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். ஓடியதும் நகல்.

கேள்வி: ஃபெவிக்விக் போட்டு ஒட்டலாமா?

பதில்: நகல் எடுத்த பிறகு ஒட்டுங்கள். நாக்கின் பின்புறம் மட்டும், ஊசி முனையளவு. பின் மேல் வழிந்தால் அது கரண்ட் கடத்தாது.

கேள்வி: அதே மாடல் டிஸ்க்கின் போர்டைக் கழற்றி மாட்டலாமா?

பதில்: மிகப் பழைய டிஸ்க்குகளில் நடந்தது. இப்போது அந்தந்த டிஸ்க்குக்கு மட்டும் உரிய அளவுகள் போர்டிலுள்ள ரோம் சிப்பில் பதிந்திருக்கும், பெரும்பாலும் 8 கால் சிப். அதையும் இடம் மாற்றிப் பற்றவைக்க வேண்டும்.

கேள்வி: எனக்கும் பிளாஸ்டிக் கேபிளோடு வந்துவிட்டது, என்ன செய்ய?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எதற்கு இவ்வளவு பாடு? ஒயரை நேராக சால்டர் பண்ணினால் முடிந்தது. நான் டிவி மெக்கானிக், பண்ணியிருக்கிறேன்.

பதில்: பவர் பக்கம் என்றால் சரி அண்ணே, நானும் அப்படித்தான் செய்வேன். டேட்டா பக்கம் வினாடிக்கு 6 கிகாபிட் வரை ஓடுகிறது. சாதாரண ஒயரை நீளமாக இழுத்தால் சிக்னல் சிதையும்.

கேள்வி: என்னுடையது ஓடியதே!

பதில்: ஓடியிருக்கும். பிழை கூடினால் கன்ட்ரோலர் வேகத்தை 1.5 கிகாபிட்டுக்கு இறக்கிக்கொள்ளும், நமக்குத் தெரியாது. ஸ்மார்ட் பட்டியலில் (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் கணக்கு) 199ஆம் எண்ணைப் பாருங்கள், அது கேபிள் வழியில் வந்த பிழைகளின் எண்ணிக்கை. காப்பி போகும்போது அது ஏறினால் கேபிளிலோ இணைப்பிலோதான் கோளாறு. சால்டர் செய்தே ஆகவேண்டும் என்றால் நல்ல சாட்டா கேபிளையே வெட்டி, சில மில்லிமீட்டர் மட்டும் உரித்து, 2-3, 5-6 ஜோடிகளைப் பிரிக்காமல், 1, 4, 7 கிரவுண்டையும் சேர்த்துப் பற்றவையுங்கள்.

கேள்வி: 199 ஏறியிருக்கிறது. கேபிள் மாற்றியும் குறையவில்லையே?

பதில்: குறையாது, அது மொத்தக் கணக்கு. மேலும் ஏறாமல் இருந்தால் போதும். அதே பட்டியலில் 5, 197ஆம் எண்கள் (தட்டில் கெட்ட, சந்தேகமான இடங்களின் எண்ணிக்கை) ஏறினால்தான் தட்டு கெடுகிறது என்று பயப்பட வேண்டும்.

கேள்வி: எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் யுஎஸ்பி ஜாக் பெயர்ந்துவிட்டது. உள்ளே சாட்டா இருக்குமே?

பதில்: பல மாடல்களில் இருக்காது, ஜாக் டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். செல்போன் சர்வீஸ் கடையில் புது ஜாக் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கனெக்டரைச் சரிசெய்தேன், டக் டக் என்று சத்தம் வருகிறது.

பதில்: உடனே ஆஃப் செய்யுங்கள். கீழே விழுந்ததா? சத்தம் ஹெட்டிலிருந்து வரலாம். திரும்ப ஆன் செய்யாமல், மூடியைத் திறக்காமல், தூசியில்லா அறை வைத்திருக்கும் டேட்டா ரெகவரி ஆட்களிடம் கொடுங்கள்.