பதின்ம வயதினருக்கும் இளைஞர்களுக்கும் புற்றுநோய்ச் சிகிச்சையும் ஆராய்ச்சியும் மேம்பட எதை முதலில் மாற்ற வேண்டும்?

பத்தொன்பதாவது வயதில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவன் என்ற முறையில் இக்கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். எனக்கு என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்வதற்காக இத்துறையைப் பற்றித் தொடர்ந்து வாசித்து வருபவன், அவ்வளவே. முதலில் மாற்ற வேண்டியது எது என்று கேட்டால், குழந்தைகள் பிரிவுக்கும் பெரியவர்கள் பிரிவுக்கும் நடுவே போடப்பட்டிருக்கும் வயதுக்கோடு என்றுதான் சொல்வேன்.

முதல் கீமோதெரபி நாளன்று, பக்கத்து நாற்காலியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "யாருக்குத் துணையா வந்திருக்கீங்க தம்பி?" என்று அன்பாகக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் செவிலியர் என் கையைப் பிடித்து நரம்பு தேடத் தொடங்கிவிட்டார். அதன் பிறகு அந்தப் பெரியவர் அன்று முழுவதும் என் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் மட்டும் அல்ல, கழுத்தில் வலியில்லாத கட்டியோடு நான் போய் நின்ற மருத்துவர்களும் என்னை நோயாளியாகப் பார்க்க ஐந்து மாதங்கள் ஆயின. இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பினார்கள். அவர்களை முழுவதும் குறை சொல்லவும் முடியாது. இந்த வயதில் வரும் நூறு கட்டிகளில் பெரும்பாலானவை தொற்றினால் வருபவைதான். ஆனால் சில வாரங்களில் வற்றாத கட்டியைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்னும் விதி, நோயாளியின் வயதைப் பார்த்துத் தளர்ந்துவிடக் கூடாது.

வயதுக்கோடு எவ்வளவு தீங்கு செய்யும் என்பதற்கு என்னுடையதைவிட அழுத்தமான சான்று, தீவிர லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயில் இருக்கிறது. அமெரிக்காவில் 16 முதல் 20 வயது வரையிலான 321 நோயாளிகளின் பதிவுகளை ஒப்பிட்ட ஆய்வொன்று 2008-இல் வெளியானது. நோயும் வயதும் ஒன்றே; சிலர் குழந்தைகளுக்கான ஆய்வுக் குழுவின் சிகிச்சை முறைக்குள்ளும், மற்றவர்கள் பெரியவர்களுக்கான குழுவின் முறைக்குள்ளும் போயிருந்தார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து முதல் வகையினரில் 67 விழுக்காட்டினரும், இரண்டாம் வகையினரில் 46 விழுக்காட்டினரும் உயிரோடு இருந்தார்கள். குழந்தைகளுக்கான முறையில் அஸ்பாரஜினேஸ், வின்கிறிஸ்டின், ஸ்டீராய்டு ஆகிய மருந்துகள் அதிக அளவில் கொடுக்கப்பட்டன. மூளைக்கும் தண்டுவடத்துக்குமான தடுப்புச் சிகிச்சை முன்னதாகவே தொடங்கப்பட்டது. பிரான்சில் 2003-இல் வெளியான ஒப்பீடும் இதையே காட்டியிருந்தது. ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை பிழைப்பதை, அவனை எந்த மருத்துவரிடம் பரிந்துரைத்தார்கள் என்ற தற்செயல் தீர்மானித்திருக்கிறது என்பதை முதன்முறை வாசித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பின்னர் குழந்தைகளுக்கான அம்முறையையே ஏறத்தாழ 40 வயது வரையிலானவர்களுக்கும் கொடுத்துப் பார்த்து, பழைய முடிவுகளைவிட நல்ல பலன் கிடைத்ததை 2019-இல் பதிவு செய்தார்கள்.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 15 முதல் 39 வயது வரையிலானவர்களைப் 'பதின்ம வயதினரும் இளைஞர்களும்' என்ற குழுவாக வரையறுக்கிறது. இவர்களுக்கு வரும் லிம்ஃபோமா, விரைப் புற்று, தைராய்டு புற்று, எலும்பு சார்கோமா, மெலனோமா என்னும் தோல் புற்று போன்றவை ஒரே துறைக்குள் அடங்குவதில்லை. ஆகவே இவர்களைத் தம் நோயாளிகள் என்று உரிமை கொண்டாட எந்தத் துறையும் இல்லாமல் போகிறது. புதிய மருந்துகளுக்கான ஆய்வுகளில் பெரும்பாலும் 18 வயது நிறைந்தவர்களையே சேர்ப்பது வழக்கமாக இருந்ததால், பதினாறு வயதில் அதே நோய் வந்தவர் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. பொருத்தமான இடங்களில் 12 வயது முதலே பெரியவர்களுக்கான ஆய்வுகளில் சேர்க்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் வழிகாட்டியது. என் நோயிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. முற்றிய நிலையில் உள்ள ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவுக்கு நிவோலுமாப் என்னும் நோயெதிர்ப்புச் சிகிச்சை மருந்தைச் சோதித்த ஆய்வை, குழந்தைகளுக்கான குழுவும் பெரியவர்களுக்கான குழுக்களும் சேர்ந்து, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்குமாக நடத்தின. 2024-இல் வெளியான அதன் முடிவின்படி, இரண்டு ஆண்டுகளில் நோய் முன்னேறாமல் இருந்தோர் நிவோலுமாப் பிரிவில் 92 விழுக்காடு; ஒப்பீட்டுப் பிரிவில் 83 விழுக்காடு. அந்த வயதுக்கோட்டை அழிக்க முடியும் என்பதை அவர்கள் செய்தே காட்டிவிட்டார்கள்.

பராமரிப்பைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். என் சேர்க்கைப் படிவத்தில் 'திருமணமானவரா' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லாலோ என்னவோ, எதிர்காலத்தில் குழந்தை பெறுவதைப் பற்றி என்னிடம் யாரும் பேசவில்லை. ஆண்களுக்கு விந்தணுவை உறையவைத்துச் சேமிக்க ஓரிரு நாள் போதும். பெண்களுக்குக் கருமுட்டை எடுக்க ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். சிகிச்சை தொடங்கிய பிறகு பேசினால் பெரும்பாலும் பயனில்லை. எனக்குக் கொடுத்த மருந்துக் கூட்டில் அந்த ஆபத்து ஒப்பளவில் குறைவு என்பதைப் பின்னாளில் அறிந்து ஆறுதல் அடைந்தேன்; அது எனக்கு வாய்த்தது, யாரும் யோசித்துச் செய்ததன்று. இந்தக் கேள்வியை நோய் உறுதியான அன்றே கேட்க வேண்டும், அதையும் பெற்றோரைச் சற்று நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். தாய் அருகில் அமர்ந்திருக்கும்போது பத்தொன்பது வயதுப் பையன் உண்மையைப் பேசமாட்டான்.

தனி வார்டுகளும் தேவைதான். பிரிட்டனில் 1990-லேயே பதின்ம வயதினருக்கென்று ஒரு புற்றுநோய்ப் பிரிவைத் திறந்தார்கள். ஆனால் கட்டடம் கட்டப் பணமில்லாத இடத்திலும், இரு துறை மருத்துவர்களும் வாரம் ஒரு முறை ஒரே மேசையில் அமர்ந்து இந்த வயது நோயாளிகளைப் பற்றிப் பேச முடியும். அதற்குச் செலவே இல்லை.

கடைசியாக, குணமானவர்களைப் பின்தொடர்வது. இருபது வயதில் குணமானவர் இன்னும் ஐம்பது ஆண்டுகள் வாழ வேண்டியவர். இதயப் பாதிப்பும் இரண்டாவது புற்றும் அந்த ஐம்பது ஆண்டுகளுக்குள்தான் தலைகாட்டும். சிகிச்சை முடிந்து எட்டு ஆண்டுகள் கழித்து, வேறு காரணத்துக்காகச் சந்தித்த மருத்துவர் ஒருவர், "மொத்தம் எவ்வளவு டாக்ஸோரூபிசின் போட்டார்கள்?" என்று கேட்டார். அளவு கூடக்கூட இதயத்தைப் பாதிக்கக்கூடிய கீமோ மருந்து அது. சிவப்பாக இருக்கும் மருந்து, பன்னிரண்டு முறை போட்டார்கள் என்பதற்குமேல் எனக்கு எதுவும் தெரியவில்லை. பழைய மருத்துவமனைக்கு மூன்று முறை நடந்து, கோப்பு அறையிலிருந்து ஒரு தாளைப் பெற்று வந்தேன். சதுர மீட்டர் உடற்பரப்புக்கு 300 மில்லிகிராம் என்று அதில் இருந்தது. அதைப் படித்த மருத்துவர் அன்றே இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் எடுக்க எழுதிக் கொடுத்தார்.