முதல் ஆயில் சர்வீஸ் தள்ளிப்போனால் வாரன்டி போய்விடுமா?

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு 10,000 கி.மீ. அல்லது 1 வருடம், எது முந்தியதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும். இப்போது 14 மாதம், 11,800 கி.மீ. ஆகிவிட்டது. வாரன்டி ரத்தாகுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: பயப்படாதீர்கள், ஆனால் இனி ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள். ஒரு சர்வீஸ் தாமதமானதால் மொத்த வாரன்டியும் போய்விடுவது பொதுவாக இல்லை. ஏ.சி., பவர் விண்டோ பழுதுக்கும் ஆயிலுக்கும் தொடர்பே கிடையாது. சிக்கல் இன்ஜினில்தான். பேரிங் தேய்வு, டர்போ பழுது என்று வந்தால், பழைய ஆயில்தான் காரணம் என்று கம்பெனி மறுக்க இடமுண்டு. கையேட்டில் வாரன்டி விலக்குகள் பகுதியை வரிவரியாகப் படியுங்கள்.

இன்றே காரைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து 5 நிமிடம் கழித்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவுங்கள். துடைத்து, முழுக்கச் செருகி, மறுபடி எடுத்துப் பாருங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கு நடுவே இருக்க வேண்டும். கறுப்பாக இருப்பது தவறில்லை. கீழ்க்குறிக்கும் கீழே போயிருந்தால் ஓட்டாமல் சர்வீஸ் சென்டரை அழையுங்கள்.

தினமும் 3, 4 கி.மீ. மட்டுமே ஓடும் கார் என்றால் தாமதம் இன்னும் கெடுதல். இன்ஜின் நன்றாகச் சூடாவதற்குள் அணைத்துவிடுவதால் ஈரமும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும்.

அங்கீகரிக்கப்பட்ட சென்டரில் ஆயிலோடு ஃபில்டரையும், பழைய ஆயிலை வடிக்கும் திருகின் வளையமான டிரெய்ன் பிளக் வாஷரையும் மாற்றச் சொல்லுங்கள். கையேட்டில் 0டபிள்யூ-20 (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் குறியீடு) என்றிருந்தால் அதே தரம்தான். கெட்டியான ஆயிலுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். பில்லில் தேதி, கி.மீ., ஆயில் தரம், லிட்டர் அளவு நான்கும் இருக்கட்டும்.