ஒரே பொம்மை ரயில் எஞ்சினை நான்கு தடவை வாங்குவது ஏன்?

"பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் பொம்மை ரயில் எஞ்சின்களைச் சிலர் நான்கைந்து வாங்கி அடுக்குகிறார்களே, அதில் என்ன இருக்கிறது?" என்பது உங்கள் கேள்வி. என் அலமாரியிலும் அப்படி நான்கு கறுப்பு எஞ்சின்கள் நிற்கின்றன. விருந்தினரிடம் நான் இந்தக் கதையைத் தொடங்கினாலே என் மனைவி காபி போட எழுந்து போய்விடுவார். நீங்களாவது உட்கார்ந்து கேளுங்கள்.

நான்குமே அமெரிக்காவின் லயனல் நிறுவனம் செய்த, நிஜ நீராவி எஞ்சின் வகை ஒன்றின் பெயரைத் தாங்கிய பெர்க்‌ஷயர் எஞ்சின்கள். ஜோஷுவா லயனல் கோவன் 1900இல் தொடங்கிய நிறுவனம் அது. நான் வசிக்கும் நியூ ஜெர்சியில்தான், ஹில்சைடு என்ற ஊரில், அதன் தொழிற்சாலை இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ரயில்களை நிறுத்திவிட்டுக் கடற்படைக்குக் கருவிகள் செய்தார்கள். போர் முடிந்து 1946இல் 726 என்ற எண்ணோடு பெர்க்‌ஷயர் வந்தது. நிஜ ரயிலைப் போலப் புகை விட வேண்டும் என்பது ஆசை. அதற்காக உள்ளே ஒரு பல்பு. அதன் தலையில் சிறு குழி. குழியில் புகை மாத்திரை. பல்பின் சூடு போதவில்லை, பெயருக்குத்தான் புகைந்தது. மறு வருடமே பல்பை எடுத்துவிட்டுச் சூடேறும் கம்பிச் சுருளை வைத்தார்கள். எண் மட்டும் அதே 726. இதோடு இரண்டு எஞ்சின் ஆயிற்று.

1950இல் காந்தம் வந்தது. பொம்மைத் தண்டவாளம் இரும்புத் தகடு என்பதால், அல்னிகோ என்ற உலோகக் கலவைக் காந்தத்தின் உதவியால் சக்கரங்கள் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ளும். எஞ்சின் கூடுதல் பெட்டிகளை இழுக்கும், வளைவில் எளிதில் கவிழாது. எண் 736 ஆனது. அதற்குள் கொரியப் போர். அல்னிகோவுக்கு வேண்டிய நிக்கலும் கோபால்ட்டும் ராணுவத்துக்குப் போய்விட, 1952இல் காந்தம் இல்லாமலே எஞ்சினை விற்க வேண்டியதாயிற்று. அதை 736 என்று விற்க முடியாதல்லவா? பழைய எண்ணுக்குப் பின்னால் இரண்டு எழுத்தைச் சேர்த்து 726ஆர்ஆர் என்றார்கள். அடுத்த வருடம் காந்தம் திரும்பியது, 736உம் திரும்பியது. எங்கோ நடந்த போர் ஒரு குழந்தையின் பொம்மைக்குள் பதிந்து கிடப்பது எனக்கு இந்த நான்கில் மிகவும் பிடித்த விஷயம்.

சரக்குப் பெட்டிகளில் இன்னொரு விதம். 1953இல் தொடங்கிய 6464 வரிசையில் ரயில்வே கம்பெனிகளின் பெயரும் சின்னமும் அச்சடிக்க இடம் வேண்டும் என்பதற்காக அச்சுவார்ப்பிலிருந்தே சில ரிவெட் (ஆணித்தலை) புள்ளிகளை நீக்கினார்கள். கதவும் பிறகு மாறியது. பழைய உடலோடு புதிய கதவு வந்தால், கையிருப்பைத் தீர்த்திருக்கிறார்கள் என்று வாசிக்கலாம். அல்லது பின்னால் யாரோ வீட்டில் மாற்றியிருக்கலாம். கதவைக் கழற்றி மாட்டுவது பெரிய வேலையில்லை. அதனால்தான் "அபூர்வ வகை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுகிறேன். ஆரஞ்சு நிறம் கொஞ்சம் வெளிறியிருக்கிறது என்பதற்காக இரட்டை விலை கேட்பவர்களும் உண்டு. அது பெரும்பாலும் ஜன்னல் வெயில் செய்த வேலை.

பணம் புரளும் இடத்தில் போலியும் வரும். 1957இல் சிறுமிகளுக்கென்று இளஞ்சிவப்பு எஞ்சினோடு லயனல் ஒரு செட் வெளியிட்டது. சிறுமிகளும் கறுப்பு ரயிலைத்தான் கேட்டார்கள் போலும், விற்கவில்லை. விற்காததாலேயே இன்று அதற்கு ஏக கிராக்கி. எஞ்சினின் எண் 2037. அதே எண்ணில் சாதாரணக் கறுப்பு எஞ்சின் மலிவாகக் கிடைப்பதால் அதற்குச் சாயம் பூசி விற்கிறார்கள். யாராவது காட்டினால் ஓட்டுநர் நிற்கும் கூண்டின் உட்புறத்தையும் திருகுத் துளைகளையும் பாருங்கள், கறுப்பு எட்டிப் பார்க்கும். பின்னால் பூசிய சாயத்தைக் கண்டுபிடிக்கப் புறஊதா விளக்கு ஒன்றும் பையில் இருக்கட்டும். பென்சில்வேனியாவின் யார்க் நகரில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் கூடும் ரயில் சந்தையில் அதை எடுத்தால் யாரும் தவறாக நினைப்பதில்லை. பாதிப் பேர் அவர்களே ஒன்று வைத்திருப்பார்கள்.