வாடகையைக் குறைக்கவா, பிடித்து நிற்கவா? பிறை லாரிக்காரரிடம் கேள்விகள்

22 வருடமாகப் பினாங்கின் பிறையில் சொந்த லாரி. இப்போது இரண்டு வண்டி, ஒன்றை நானே ஓட்டுகிறேன். கண்டெய்னர் இழுக்கும் தொழில் எனக்குத் தெரியாது, அதைக் கேட்காதீர்கள். மற்றதைக் கேளுங்கள்.

சிம்பாங் அம்பாட்டிலிருந்து: அண்ணே, பழைய லாரி ஒன்று வாங்கி நாலு மாதம் ஆகிறது. பிறையிலிருந்து கிள்ளானுக்கு 1,100 வெள்ளி (ரிங்கிட்) கேட்டேன். இன்னொருவர் 900 என்றாராம். நானும் 900-க்கு இறங்கவா?

இறங்கலாமா என்பதை உங்கள் வண்டிதான் சொல்ல வேண்டும், அவருடைய வண்டி இல்லை. போக வர ஏறத்தாழ 750 கி.மீ. என் வண்டி லிட்டருக்கு 5 கி.மீ. கொடுக்கிறது, அப்படியானால் 150 லிட்டர். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் 2.15-இலிருந்து 3.35 ஆனது நினைவிருக்கும். மானிய டீசலுக்கான ஃபிளீட் கார்டு வைத்திருந்தவர்களுக்கு மட்டும் 2.15 நீடித்தது. அன்றைய விலையில் கார்டு உள்ளவருக்கு இந்த டிரிப்பின் டீசல் 322.50, இல்லாதவருக்கு 502.50. ஒரே சாலை, ஒரே சரக்கு, 180 வெள்ளி வித்தியாசம். அந்த 900 வெள்ளிக்காரர் கையில் கார்டு இருந்ததா என்று விசாரித்தீர்களா?

அடுத்தது வண்டி சும்மா நின்றாலும் போகிற காசு. வங்கித் தவணை, இன்சூரன்ஸ், ரோட் டாக்ஸ், ஆறு மாதத்துக்கு ஒரு முறை புஸ்பாகோம் வண்டிப் பரிசோதனை. மாதம் 4,000 என்று வையுங்கள். 16 டிரிப் ஓடினால் ஒரு டிரிப்புக்கு 250. ஆக 900 வாங்கினால் கார்டு உள்ளவர் கையில் 327.50 மிஞ்சும், இல்லாதவர் கையில் 147.50. டோல், ஓட்டுநர் கூலி, டயர், ரிப்பேர், உங்கள் வீட்டு அரிசி எல்லாம் அதற்குள் அடங்குமா? பத்து டிரிப்தான் கிடைக்கிறது என்றால் 250 என்பது 400 ஆகிவிடும். புதுசாக வருகிறவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். டீசலை எண்ணுவார்கள், டிரிப்பை எண்ண மாட்டார்கள்.

கணக்கு இடம் கொடுத்தால் இறங்குங்கள். கொடுக்காவிட்டால் அந்த லோடு அவருக்கே போகட்டும். எங்கே போனாலும் ஒன்று: டி.ஓ.வில், அதாவது சரக்கு ஒப்படைப்புச் சீட்டில், சாப்பு (முத்திரை) வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

பாயான் லெப்பாஸ்: எல்லாரும் "சேவை, சேவை" என்கிறார்கள். லாரிக்காரன் என்ன சேவை செய்ய முடியும்? சிரித்துப் பேசுவதா?

சிரிப்புக்கு ஒரு காசும் தர மாட்டார்கள். வாடிக்கையாளர் "வண்டி எங்கே?" என்று கேட்பதற்கு முன்னால் நீங்கள் அழைத்துச் சொல்வதுதான் சேவை.

ஒருமுறை ஈப்போ பக்கம் மெனோரா சுரங்கப் பாதையைத் தாண்டியதும் கியர்பாக்ஸ் போய்விட்டது. விடிகாலை நாலரை. தொழிற்சாலையில் ஷிப்பிங் பார்க்கிற அம்மாவை எழுப்பி, "வண்டி படுத்துவிட்டது, ஒன்பது மணிக்கு வராது, பதினொன்றுக்கு வரும்" என்றேன். ஈப்போவில் தெரிந்தவர் லாரியை வரவழைத்து, சாலையோரத்தில் சரக்கை மாற்றி, கூலியை என் பையிலிருந்து கொடுத்தேன். அன்றைக்கு 400 வெள்ளி நஷ்டம். அந்த அம்மா அங்கே வேலை பார்த்த ஒன்பது வருடமும் வேறு லாரியைக் கூப்பிடவில்லை. நான் மற்றவர்களைவிட மலிவும் இல்லை.

உங்கள் பாயான் லெப்பாஸில் இது இன்னும் பொருந்தும். 1972-லிருந்து அங்கே இருப்பது மின்னணுத் தொழிற்சாலைகள். விமானத்துக்குச் சரக்கு ஒப்படைக்கும் நேரம் தவறினால் அவர்களுக்கு ஏற்படும் இழப்புக்கு முன்னால் உங்கள் 100 வெள்ளித் தள்ளுபடி தூசு. அதே 100 வெள்ளி மணல், செங்கல் ஏற்றுகிறவருக்குப் பெரிது. யாருக்கு எது வலிக்கும் என்று பார்த்து விலை சொல்லுங்கள்.

ஜூரு: பினாங்குத் தீவுக்குப் போகும் லோடுக்குப் பாலத்தின் டோலைத் தனியாகக் கேட்கலாமா?

தனியாகக் கேட்டால் வாய்ச்சண்டைதான் வரும், வாடகைக்குள் சேர்த்துவிடுங்கள். தீவுக்குப் போகும்போது மட்டும்தான் டோல், திரும்பும்போது இல்லை. பத்து காவானிலிருந்து ஏற்றினால் இரண்டாவது பாலம். 24 கி.மீ. நீளம்தான், ஆனால் மாலை ஐந்தரைக்கு முதல் பாலத்தில் நின்று பார்த்தவர்கள் நீளத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

புக்கிட் மெர்தாஜாம்: மாமாவின் இரும்புக் கடை லாரிக்கு லைசன்ஸ் சி இருக்கிறது. சனி, ஞாயிறில் வெளி லோடு ஏற்றலாமா?

கூடாது. சி என்பது சொந்தச் சரக்குக்கு. கூலிக்கு ஏற்ற ஏ வேண்டும்.

நிபோங் தெபால்: ஒருவர் ஏ பெர்மிட்டை மாத வாடகைக்குத் தருகிறேன் என்கிறார்.

வேண்டாம். 2025 மே மாதம் தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லாரி மோதி எஃப்.ஆர்.யூ. (கலகத் தடுப்பு) காவலர்கள் 9 பேர் இறந்தார்கள். அந்த லாரியும் வாடகைக்கு விட்ட பெர்மிட்டில்தான் ஓடியது. அதற்குப் பிறகும் இதைக் கேட்கிறீர்களே.

சுங்கை டுவா: எஸ்.எஸ்.டி. (விற்பனை, சேவை வரி) 6 விழுக்காடு நான் போட வேண்டுமா? இ-இன்வாய்ஸ்?

கணக்காளரிடம் போங்கள்.

பட்டர்வொர்த்: அண்ணே, என்னைவிட 150 வெள்ளி குறைவாக ஒருவர் கேட்கிறார். நானும் குறைக்கவா?

முதல் பதில்.

கிள்ளானிலிருந்து: மன்னிக்க வேண்டும் அண்ணே, நேராகக் கேட்கிறேன். பிறை வண்டிகள் இங்கே இறக்கிவிட்டு, திரும்பும்போது டீசல் காசு வந்தால் போதும் என்று 350-க்கு ஏற்றுகின்றன. வடக்கே போக நாங்கள் 1,000 கேட்டால் தவுக்கே (சரக்கு முதலாளி) சிரிக்கிறார். இங்கே சேவை பற்றிப் பாடம் எடுக்கிறீர்கள், உங்கள் வண்டி திரும்பி வரும்போது என்ன விலைக்கு ஏற்றுகிறது?

சரியான கேள்வி. நானும் ஏற்றியிருக்கிறேன், 400-க்கு. காலியாக 370 கி.மீ. ஓட்டும்போது வயிறு எரியும், தம்பி.

சிம்பாங் அம்பாட்: அதில் என்ன தப்பு? எப்படியும் வண்டி திரும்ப வேண்டும். 350 வந்தால் லாபம்தானே?

வாடகை வாங்கும்போது அப்படித்தான் தெரியும். கிள்ளானில் பகல் பன்னிரண்டுக்கு இறக்கினால் ராத்திரிக்குள் வீடு. திரும்பும் லோடுக்காகக் காத்திருந்தால் மாலை ஐந்துக்கு ஏற்றுவார்கள். மறுநாள் காலை புக்கிட் மெர்தாஜாமில் கிடங்கு திறக்கும்வரை வாசலில் நிற்பீர்கள். அதற்குள் உங்கள் பழைய வாடிக்கையாளரின் எட்டு மணி லோடு வேறு வண்டியில் ஏறியிருக்கும். 350-ஐப் பிடிக்கப் போய் 1,100 போனது. எனக்கே நடந்திருக்கிறது, ஒரு முறை இல்லை.

கிள்ளான்: அது உங்கள் நஷ்டம். எங்கள் நஷ்டத்தைச் சொல்லுங்கள். 350 என்று ஒருமுறை காதில் விழுந்தால் தவுக்கே அதை மறக்கவே மாட்டார்.

உண்மை. நான் 400-க்கு ஏற்றிய அதே ஆள் மூன்று மாதம் கழித்துப் பிறையிலிருந்து கீழே வரும் லோடுக்கும் 400 தருகிறேன் என்றார். அதே சாலைதானே என்றார். அவரிடம் என்ன பதில் சொல்வது? இதில் உங்கள் பக்கம்தான் நியாயம், ஒத்துக்கொள்கிறேன்.

ஜூரு: எல்லாரும் கூடி உட்கார்ந்து, இதற்குக் கீழே யாரும் ஏற்றக் கூடாது என்று ஒரு விலை வைத்துவிட்டால்?

அந்தப் பேச்சே வேண்டாம். போட்டிச் சட்டம் 2010 இருக்கிறது. போட்டியாளர்கள் கூடி விலை வைப்பது அதில் தடை. கோயில் மண்டபத்தில் கூடினாலும் தடைதான்.

கிள்ளான்: அப்போது வழி?

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். திரும்பும் லோடை நேராகத் தவுக்கேயிடம் போய்க் கேட்பதில்லை. கிள்ளானில் ஒரு லாரிக்காரர் இருக்கிறார். அவருடைய வாடிக்கையாளருக்கு வடக்கே லோடு வந்து, அவர் வண்டி வேறு வேலையில் இருந்தால், என் வண்டி அதை அவர் பெயரில் ஏற்றும். தவுக்கே கொடுப்பது அவர் விலை. அதில் பத்தில் ஒரு பங்கு அவருக்கு, மீதி எனக்கு. நான் எவ்வளவுக்கு ஏற்றினேன் என்பது தவுக்கே காதுக்குப் போகாது. பிறையில் எனக்கு லோடு அதிகமானால் அவர் வண்டிக்கும் அப்படியே.

கிள்ளான்: சரக்கு உடைந்தால் யார் பொறுப்பு?

நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். வண்டி இன்சூரன்ஸ் வேறு, சரக்கு இன்சூரன்ஸ் வேறு. மோட்டார் பாலிசி சரக்குக்குப் பணம் தராது. எங்களுக்குள் யார் வண்டியோ அவர் பொறுப்பு, எழுதி வைத்திருக்கிறோம். இறக்கும் இடத்தில் எண்ணிப் பார்த்துச் சாப்பு. ஒரு கிடங்கில் "போங்கண்ணே, அப்புறம் அடித்துத் தருகிறோம்" என்றார்கள். கிளம்பிவிட்டேன். 14 பாலெட் வரவே இல்லை என்று சொல்லி அந்த மாத வாடகை முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள். அதனால்தான் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிறை: 90 நாள் கடன் கேட்கும் கம்பெனிக்கு விலை குறைக்கலாமா?

கூட்ட வேண்டும். டீசல் பம்புக்காரர் 90 நாள் காத்திருப்பாரா?

சுங்கை டுவா: அண்ணே, அந்த எஸ்.எஸ்.டி.

கணக்காளர்.

பட்டர்வொர்த்: முதல் பதிலைப் படித்தேன். ஆனால் என்னுடையது 1 டன் லாரி.

எண்ணை மாற்றிக் கணக்குப் போடுங்கள்.

நாளைக் காலை ஏழு மணிக்கு வண்டிக்குப் புஸ்பாகோம், நான் கிளம்புகிறேன். கிள்ளான் தம்பி, உங்கள் எண்ணைத் தனியாக அனுப்புங்கள். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு என் வண்டி அங்கே காலியாகும். வடக்கே லோடு இருந்தால் உங்கள் விலையைத் தவுக்கேயிடம் நீங்களே சொல்லுங்கள்.